அலைக்கு முதுகு காட்டச் சொன்னார்கள்

‘நீச்சல் தெரியுமா?’ என்று அச்சடித்திருந்த கட்டத்தில் அந்தப் பெண் ‘தெரியாது’ என்று எழுதினார். என் கண் முன்னாலேயே எழுதினார். தெரியும் என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகு எழுதினார்.

பிள்ளைகளே, எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், கோபம் நியாயமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். பத்தாவதும் அதற்குமேல் ஐ.டி.ஐ.யும் படித்தவன் நான். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இருக்காது.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். தெற்கே நடந்தாலும் தண்ணீர், வடக்கே நடந்தாலும் தண்ணீர். ஏழு வயதில் ஆற்றில் இறங்கினேன். தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடுகிற ஆடி மாதத்தில், இந்தக் கரையில் இறங்கி அந்தக் கரையில் ஏறியிருக்கிறேன். அப்படிப்பட்டவனைத்தான், பாண்டிச்சேரிக்கு வடக்கே ஒரு கடற்கரையில், கீற்றுக் கொட்டகைக்குள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண் கேட்டார்.

“நீச்சல் தெரியுமா சார்?”

“நல்லாத் தெரியும்மா.”

“எங்க கத்துக்கிட்டீங்க?”

“காவிரில.”

பேனா நின்றது. “சர்டிபிகேட் ஏதாவது இருக்கா சார்?”

“காவிரி எந்த ஊர்லம்மா சர்டிபிகேட் குடுக்குது?”

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “ஆறு வேற, கடல் வேற சார்” என்று சொல்லிக்கொண்டே எழுதி முடித்துவிட்டார்.

என் பக்கத்தில் நின்ற மகளுக்குப் பன்னிரண்டு வயது. புத்தூரில் ஒரு நீச்சல் குளத்தில் ஆறு மாதம் பயிற்சிக்குப் போனவள். அங்கே கொடுத்த சர்டிபிகேட்டை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மடங்காமல் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு ‘தெரியும்’. எட்டடி ஆழத்து நீலத் தொட்டியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு கற்றவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது!

அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் அந்த இடத்தில் ஒரு விதி இருந்தது. சனிக்கிழமை மாலை எல்லோருக்கும் கரையோரத்து நுரைத் தண்ணீரில், பலகையில் நின்று அலைமேல் வருகிற சர்ஃபிங் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலைதான் கொஞ்சம் உள்ளே போய் உடையாத அலையைப் பிடிக்கிற வகுப்பு. பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை அதற்குப் போக வேண்டுமென்றால், நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பாகத் தண்ணீரில் கூடவே இருக்க வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது என்றால் என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவ்வளவுதான் கணக்கு.

அவள் முகம் சுருங்கிப்போனது. நான்கு மாதமாக அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தவள் அவள். நீச்சல் குளத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து வேன் பிடித்துப் போவதாகப் பேச்சு வந்த நாளிலிருந்து, எங்கள் மொட்டை மாடியில் சாக்பீஸால் ஒரு பலகை வரைந்து வைத்திருந்தாள். மழை பெய்தால் அழியும், மறுநாள் மறுபடி வரைவாள். அதன்மேல் குப்புறப் படுப்பாள். கைகளை நெஞ்சுக்குப் பக்கத்தில் ஊன்றுவாள். ஒரே துள்ளில் எழுந்து, ஒரு கால் முன்னால் ஒரு கால் பின்னால் வைத்து, முழங்காலை மடக்கி நிற்பாள். எல்லாம் போனில் பார்த்துக் கற்றது. பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும் என்றதால் பட்டறையிலிருந்து வந்ததும் நானும் மாடிக்குப் போய் அவள் சொன்னபடி படுத்து எழுந்தேன். அவள் ஒரு துள்ளில் எழுவாள். நான் மூன்று தவணையில் எழுவேன்.

துணி எடுக்க வந்த என் மனைவி ஒரு நாள் பார்த்துவிட்டார். “என்னங்க இது, சுவத்துலேருந்து பல்லி விழுந்தாப்ல? கீழ் வீட்டுக்காரங்க, மேல என்ன மாவு இடிக்கிறீங்களான்னு கேட்டாங்க.”

“பாப்பாவுக்காகத்தான் பழகறேன்.”

“பாப்பா நல்லாத்தான் நிக்கிறா. உங்க முட்டியப் பாத்துக்குங்க.”

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் விளையாட்டாகப் போகவில்லை. நான்கு மாதம் பழகிக்கொண்டு போனேன்.

கொட்டகையில் நான் சத்தம் போட்டதைக் கேட்டுப் பயிற்சியாளர் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். அந்தக் கரையிலேயே பிறந்த மீனவர் வீட்டுப் பிள்ளை. உப்பும் வெயிலும் பட்டு முடி செம்பட்டையாகியிருந்தது.

“டென்ஷன் ஆகாதீங்க அங்கிள். சாயங்காலம் கிளாஸ்ல ஒரே ஒரு தடவை போர்டுல எழுந்து நின்னு கரை வரைக்கும் வந்துடுங்க. நானே அந்தக் கட்டத்த அடிச்சுட்டு தெரியும்னு எழுதறேன்.”

அங்கிள்! எனக்கு நாற்பத்து மூன்று. அண்ணே என்று கூப்பிட்டால் அவன் வாய் தேய்ந்தா போகும்? ஆனாலும் சரி என்றேன். ஒரு தடவைதானே. மாடியில் நூறு தடவை நின்றவன் நான்.

அந்த ஒரு தடவைதான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். காவிரியில் நாங்கள் எல்லோரும் ஓட்டத்தைப் பார்த்து நின்றுதான் குளிப்போம். அம்மா மண்டபத்துப் படித்துறையில் போய்ப் பாருங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிற அத்தனை பேரும் மேற்கே, தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நின்றுதான் முழுக்குப் போடுவார்கள். வருகிற ஆற்றுக்குப் பின்புறத்தைக் காட்டுவது மரியாதை இல்லை என்பது ஒன்று. ஆடி வெள்ளத்தில் வாழைத்தண்டு வரும், முள்ளுக்கிளை வரும், சில நேரம் முழு மரமே வரும் என்பது இன்னொன்று. பார்க்காமல் நின்றால் முதுகில் வாங்க வேண்டியதுதான். முப்பத்தாறு வருஷமாக என் உடம்பு அப்படித்தான் தண்ணீரில் நிற்கிறது.

அந்தப் பையனோ எடுத்த எடுப்பிலேயே என்னைக் கடலுக்கு முதுகு காட்டிப் பலகையில் படுக்கச் சொன்னான். பின்னாலிருந்து அலை வரும், அவன் பலகையைத் தள்ளி விடுவான், நான் கரையை மட்டும் பார்த்துக்கொண்டு எழ வேண்டுமாம். அலை வருகிற சத்தம் காதில் விழுகிறது. மூன்று ஆள் உயரத்துக்கு வருகிற மாதிரிதான் விழுகிறது. பார்க்காமல் எப்படி இருப்பது? திரும்பிப் பார்த்தேன். பலகை புரண்டது. உப்புத் தண்ணீர் மூக்கு வழியாக மூளைக்கே போன மாதிரி இருந்தது.

“அலைய ஏன் அங்கிள் திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க? அது என்ன உங்க சம்சாரமா?”

“பின்னாடி என்ன வருதுன்னு பாக்காம எப்படிப்பா எழுந்திரிக்கறது?”

“அத நான் பாத்துக்கறேன். நீங்க கரைய மட்டும் பாருங்க. கண்ணு எங்க போகுதோ போர்டும் அங்கதான் போகும்.”

பதினோரு முறை. பதினோரு முறையும் திரும்பினேன், பதினோரு முறையும் விழுந்தேன். ‘தெரியாது’ ஆட்களுக்கென்று ஒரு ஆரஞ்சு மிதவை ஜாக்கெட் மாட்டி விட்டிருந்தார்கள். அது கழுத்து வரை ஏறி வந்து முகத்தை மறைத்தது. எங்கள் வேனில் வந்த ஒருவர் மணலில் உட்கார்ந்து அத்தனையையும் போனில் எடுத்தார். அதை வேன் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். பிறத்தியான் விழுவதைப் படம் எடுக்கிற பெரியவர்களைப் பார்த்து நீங்கள் கற்றுக்கொள்ளாதீர்கள். கை கொடுத்துத் தூக்கிவிடலாம். அதற்குத்தான் கை.

என் மகள் இரண்டாவது முறையிலேயே நின்றுவிட்டாள். கரை வரைக்கும் வந்து, பலகையிலிருந்து மணலில் இறங்கி நடந்தாள், பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி. “ஏய் திருச்சி, சூப்பர்!” என்று அந்தப் பையன் கத்தினான். அவள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்த நேரம் நான் வாயிலிருந்து மணலைத் துப்பிக்கொண்டிருந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

வகுப்பு முடிந்ததும் அவனிடம் போனேன். “நிக்கிறதுக்கும் நீந்துறதுக்கும் என்னப்பா சம்பந்தம்? எனக்கு நீச்சல் தெரியுமா தெரியாதாங்கறதுதானே கேள்வி?”

“நீந்தத் தெரிஞ்சா மட்டும் போதாது அங்கிள். கடல்ல தண்ணி எப்படிப் போகுதுன்னு தெரியணும்.”

தண்ணீர் எப்படிப் போகும் என்று ஸ்ரீரங்கத்துக்காரனுக்குச் சொல்லித் தருகிறான்! தூரத்தில் ஒரு மிதவை ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுவிட்டு வந்து காட்டுவது என்று முடிவு பண்ணினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி மணலில் போட்டேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். ஆற்றில் இறங்குகிறவன் எந்த இடத்தில் இறங்குவான்? தண்ணீர் அடங்கியிருக்கிற இடமாகப் பார்த்து இறங்குவான். சுழிக்கிற இடத்தில் இறங்க மாட்டான். நானும் கரையை இப்படியும் அப்படியும் பார்த்தேன். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல் அமைதியாகக் கிடந்தது. நல்ல துறை என்று நினைத்து அங்கே இறங்கினேன். கடலில் அதுதான் மோசமான இடம். இரண்டு பக்கமும் அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பிப் போகிறது. அதனால்தான் அங்கே அலை உடைவதில்லை. இது எனக்குத் தெரியாது.

பத்துக் கை போட்டதும் இருபது கை தூரம் போயிருந்தேன். பரவாயில்லையே, உடம்பில் இன்னும் பலம் இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். கரையில் விசில் அடித்தார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக் கையைத் தூக்கி ஆட்டினேன். மிதவையைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தபோதுதான் கொட்டகை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. கரையை நோக்கி நீந்தினால் நகரவில்லை.

பயந்தேனா என்றால், கொஞ்சம். ஆனால் ஓடுகிற தண்ணீரோடு மல்லுக்கு நிற்கக் கூடாது என்பது உடம்புக்குத் தெரிந்திருந்தது. குறுக்கே, கரைக்கு இணையாகவே நீந்திப் போனேன். இழுப்பு விட்டது. அலை உடைகிற பக்கம் வந்ததும் அலைகளே என்னைத் தள்ளிக்கொண்டு வந்தன. எங்கேயோ படகுகள் நிறுத்தியிருந்த இடத்தில் கரை ஏறி, கால்மணி நேரம் மணலில் நடந்து திரும்பி வந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தேன். சும்மா சொல்லக் கூடாது.

அங்கே ஆளாளுக்குக் கத்தினார்கள். என்னைத் தேடிப் பலகை எடுத்துக்கொண்டு உள்ளே போன இரண்டு பயிற்சியாளர்கள் இன்னும் திரும்பவில்லை. அந்தப் பையன் முகம் வெளுத்திருந்தது. “அறிவு இருக்கா அங்கிள் உங்களுக்கு? விசில் அடிச்சா திரும்பணும்னு தெரியாது? எங்க அண்ணன் உள்ள இருக்கான் உங்களத் தேடிக்கிட்டு!”

“வந்துட்டேன்ல? யாரு உதவியும் இல்லாம நானா வந்துட்டேன்ல? இப்பவாவது தெரியும்னு எழுதுவீங்களா?”

அவன் கடலைப் பார்க்கப் போய்விட்டான். என் மகள் வேனில் வந்த ஒரு நர்ஸம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழுது அழுது விக்கல் எடுத்திருந்தது. எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. ஊரே திட்டும்போது இவளாவது அப்பாவைப் பற்றித் தெரியும் என்று நிற்க வேண்டாமா?

“ஏன்டா கண்ணு அழுவுற? அப்பாவுக்கு நீந்தத் தெரியாதா?”

“நீங்க திரும்பி வருவீங்கன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?” என்றாள். “தலையே தெரியல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், உங்க தலையே தெரியல.”

உள்ளே போன இரண்டு பேரும் அப்போதுதான் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

முடிவு என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை நான் தண்ணீர்ப் பக்கமே வரக்கூடாது. மகள் உள்ளே போக வேண்டுமானால், சர்டிபிகேட் உள்ள இன்னொரு பெரியவரைப் பொறுப்பாகப் போட்டு, பெற்றவன் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டு மணலில் போய் உட்கார்ந்தேன். பெற்றவன் கல்லு மாதிரி இருக்கும்போது இன்னொருவர் பொறுப்பில் பிள்ளையை விடுவதா? வீட்டுக்குப் போன் போட்டு நியாயம் கேட்டேன்.

“நீங்க சர்ஃபிங் போனீங்களா, சண்டைக்குப் போனீங்களா?” என்றார் மனைவி. நடுவில் என்ன நடந்தது என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். “ஞாயித்துக்கெழம அவளுக்கா, உங்களுக்கா? அத மட்டும் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

அந்த நர்ஸம்மா வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். அவர் மகளும் என் மகளும் ஒரே நேரத்தில் நீச்சல் பழகியவர்கள், அவரும் கூடவே பழகி சர்டிபிகேட் வாங்கியிருக்கிறார்.

“அண்ணா, ரெண்டு பிள்ளைங்களையும் நானே பாத்துக்கறேன். ஒருத்தர் ரெண்டு பிள்ளைங்களுக்கு நிக்கலாமாம், கேட்டுட்டேன்.”

“அதெப்படிங்க சிஸ்டர்? நான் இருக்கறப்ப?”

“நீங்க உள்ள போனப்ப உங்க பொண்ணு யாரு கையப் பிடிச்சுக்கிட்டு நின்னா?”

சுருக்கென்று இருந்தது. இப்படியா முகத்துக்கு நேரே கேட்பது? ஆனால் கேட்டது பொய் இல்லை. காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை மகள் பலகையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தவள், பாதி வழியில் நின்று என்னிடம் திரும்பி வந்தாள். பயிற்சியாளர், நர்ஸம்மா, அவர் மகள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“நான் உள்ள இருக்கறப்ப நீங்க தண்ணில கால் வைக்கக் கூடாது.”

“நான் என்ன சின்னப் புள்ளையா?”

“சொல்லுங்கப்பா.”

“சரி.”

“சரின்னா என்ன?”

“கால் வைக்க மாட்டேன். போதுமா?”

பன்னிரண்டு வயதுப் பெண் நாலு பேர் முன்னால் என்னிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போகிறாள். கொட்டகை நிழலில் போய் நின்றேன். காதெல்லாம் சுட்டது.

அவளுக்கு அன்றைக்கு வரவே இல்லை. நர்ஸம்மா நெஞ்சளவுத் தண்ணீரில் நிற்க, பையன் தள்ளி விட, முதல் அலையில் எழும்போதே சாய்ந்தாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். “ஏய் திருச்சி! அங்க இங்க பாக்காத, நேரா பாரு!” என்று அவன் கத்துவது கரைக்குக் கேட்டது. என்னை மாதிரியே பின்னால் அலையைப் பார்க்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். நாலாவது முறை உற்றுப் பார்த்தேன். பின்னால் பார்க்கவில்லை. எழுந்ததும் அவள் தலை இடது பக்கம், கொட்டகைப் பக்கம் திரும்பியது. தண்ணீர் அவர்களை மெல்லமெல்ல அவளுக்கு வலது பக்கமாக நகர்த்திக்கொண்டு போயிருந்தது. நான் நின்ற இடம் அவளுக்குக் கோணலாகிவிட்டது. அப்பா அங்கேயே நிற்கிறாரா, இல்லை மறுபடி உள்ளே இறங்கிவிட்டாரா என்று பார்க்கத்தான் ஒவ்வொரு தடவையும் திரும்புகிறாள், ஒவ்வொரு தடவையும் விழுகிறாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். வாக்குக் கொடுத்த பிறகும் சந்தேகம்!

கொட்டகையை விட்டு வெயிலில் இறங்கி நடந்தேன். அவளுக்கு நேர் எதிராக, தண்ணீர் ஏறி வருகிற இடத்துக்கு இரண்டடி தள்ளி, ஈரமில்லாத மணலில் நின்றேன். அவர்கள் இன்னும் அதே பக்கம் நகர்ந்தார்கள், நானும் நகர்ந்தேன். அடுத்த அலை அவளுக்குப் பின்னால் பச்சையாக எழும்பியது. எனக்கு அது முழுதாகத் தெரிந்தது, அவளுக்குத் தெரியாது. வாய் வரை வந்த சத்தத்தை அடக்கிக்கொண்டேன். பையன் தள்ளினான். கைகளை ஊன்றினாள், எழுந்தாள், என்னைப் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டே வந்தாள். முழங்காலை மடக்கிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, நேராக என்னை நோக்கி வந்தாள்.

அந்த அலையின் நுரை அவளுக்கும் முன்னால் மணலில் ஏறி என் காலுக்கு வந்தது. பின்னால் போனேன். ஒரு அடி, இரண்டு அடி, பிறகு குடுகுடுவென்று நாலு அடி. தண்ணீரைப் பார்த்து நான் பின்னால் ஓடியது அதுதான் முதல் தடவை. போன்காரர் அதையும் எடுத்தார். எடுக்கட்டும்.

பலகை மணலில் தட்டியதும் குதித்து இறங்கி ஓடிவந்தாள். கட்டிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று கையை விரித்தேன். அவள் குனிந்து என் பேண்ட்டின் ஓரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். பெற்ற அப்பன் வாக்குக் கொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, தொட்டுப் பார்க்கிறாள்! ஒரு காலைப் பார்த்துவிட்டு மற்றதையும் பார்த்தாள். இரண்டும் காய்ந்துதான் இருந்தன. “சரி, அங்கேயே நில்லுங்க” என்று சொல்லிவிட்டுப் பலகையைத் திருப்பி இழுத்துக்கொண்டு மறுபடி கடலுக்குள் போனாள்.